எலிவளைக்கு இருபதாண்டுத் தவணை!

தோழா!

ஞாயிறு விடிந்ததும் நாளேட்டை விரிக்கிறாய். செய்தியைத் தேடவேண்டியிருக்கிறது, வீடோ தேடாமலே வந்து நிற்கிறது! பக்கம் முழுவதும் மாடிகள், மாடிகளுக்கிடையே மரங்கள், மர நிழலிலே நீச்சற்குளம், குளக்கரையிலே புன்னகை பூத்தபடி ஒரு கணவன், ஒரு மனைவி, இரு குழந்தைகள். படத்தின் கீழே பட்டுப்போன்ற சொற்கள்: "வாடகை கொடுக்கும் பணத்திலேயே சொந்த வீடு! முதல் வீடு! கச்சிதமான வீடு! கைக்கெட்டும் விலை!"

கச்சிதம்! எத்துணை இனிய சொல்! குறுகலுக்குக் கச்சிதம் என்று பெயர் சூட்டிவிட்டார்கள். பசித்து வந்தவனுக்குப் பாதிச் சோற்றைப் பரிமாறி, அதற்கு 'அளவுச் சாப்பாடு' என்று பலகை எழுதி, விலையை மட்டும் முழுச் சாப்பாட்டுக்குக் கேட்டால், அந்தக் கடைக்காரனை நாம் என்ன சொல்வோம்? சோற்றுக்கடையிலே சீறுகிற நாம், வீட்டுக்கடையிலே மட்டும் வாயடைத்து நிற்கிறோம்.

வாயை அடைக்க அவர்கள் ஒரு பழமொழியையும் வைத்திருக்கிறார்கள். "எலி வளையானாலும் தனி வளை வேண்டும்." மறுக்கமாட்டேன். நல்ல மொழி, நம் பாட்டன் சொன்ன மொழி. ஆனால் பாட்டன் ஒன்றைச் சொல்லாமல் விட்டான். சொல்லவேண்டிய தேவை அவன் காலத்தில் இல்லை. எலி, தன் வளைக்கு இருபதாண்டுத் தவணை கட்டுவதில்லை!

வீட்டைச் சுருக்கினால் விலை சுருங்குமா? சின்னஞ்சிறு அடுக்கு வீடுகளைக் கட்டிக் குவித்தால், மாநகரத்திலே மாதச் சம்பளக்காரன் வீட்டுக்காரன் ஆகிவிடுவானா? ஆவான் என்கிறார்கள், கட்டுவோர். ஆவான் என்று தலையாட்டுகிறார்கள், கடன் கொடுப்போர். ஆகமாட்டான் என்கிறேன் நான். காரணம் காட்டாமல் சொன்னால், நானும் விளம்பரக்காரன் ஆகிவிடுவேன். ஆகவே, கேள்.

* * *

நண்பர் ஒருவர் என்னை அழைத்தார். "வீடு பார்க்கப் போகிறோம், நாலு பேரிடம் பேசத் தெரிந்தவன் நீ, கூட வா" என்றார். அவர், அவர் மனைவி, அவருடைய தாய், நான். நால்வருமாகப் பழைய மாமல்லபுரம் சாலையிலே ஒரு நிறுவனத்தின் மாதிரி வீட்டுக்குச் சென்றோம். பெயர் வேண்டாம், பெயரை மாற்றினாலும் காட்சி மாறாது.

தோழா, நான் மேடையிலே வளர்ந்தவன். பத்தடிப் பலகையின்மேல் பாண்டியன் அரண்மனையைக் காட்டிக் கைதட்டல் வாங்கியவன். அந்த வித்தையின் சூட்சுமம் எனக்குத் தெரியும். அரியணையைச் சிறிதாக்கு, அவை பெரிதாகும். பின்புறம் கண்ணாடியை நிறுத்து, பத்தடி இருபதடி ஆகும். விளக்கை மேலே வை, கூரை உயரும். கதவை எடுத்துவிடு, மண்டபம் நீளும். பார்ப்பவன் பத்து வரிசைக்கு அப்பால் இருக்கிறான். அவன் மயங்குவான், மகிழ்வான், மூன்று மணி நேரம் கழித்து வீட்டுக்குப் போவான். ஆனால் அதே வித்தையை இங்கே, வாழப்போகிற வீட்டிலே கண்டேன்! எதிர்ச்சுவர் முழுதும் கண்ணாடி. எங்கு நோக்கினும் விளக்கு. சோபா, நாற்காலி, மேசை எல்லாம் குழந்தைக்குச் செய்தவைபோல். அலமாரியையே காணோம். படுக்கையறையில் ஒரு கட்டில், அழகிய கட்டில். அனுமதி கேட்டுக்கொண்டு அதன்மேல் படுத்தேன். முழங்காலுக்குக் கீழே பாதி வெளியே நின்றது.

அம்மா சுற்றிலும் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"ஏன் தம்பி, எந்த அறைக்கும் கதவே இல்லையே?"

"மாதிரி வீடுதானே அம்மா! காற்றோட்டமாகத் தெரியட்டும் என்று விட்டிருக்கிறோம். உங்களுக்குக் கொடுக்கும்போது கதவு உண்டு."

"கதவு வந்தால் கட்டிலில் இடிக்குமே, தம்பி?"

விற்பனை இளைஞர் பதில் சொல்லவில்லை. மாறாக, என் நண்பரின் மனைவியிடம் திரும்பி, "வாஸ்துப்படி அமைந்த வீடு, மேடம். சமையலறை தென்கிழக்கு, படுக்கையறை தென்மேற்கு" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உழக்குக்குள் கிழக்கு மேற்கா என்று நம்மூரில் கேட்பார்கள். உழக்கைக் கட்டி, அதற்குள் எட்டுத் திசையையும் விற்கிறார்கள், தோழா!

"அத்தை எங்கேங்க படுப்பாங்க?" என்று மனைவி கணவனிடம் தாழ்ந்த குரலில் கேட்டதும், "நான் கூடத்திலே முடங்கிக்கொள்கிறேன், நீ கவலைப்படாதே" என்று மாமியாரே அவளுக்கு விடை சொன்னதும் என் காதில் விழுந்தன. அந்த விடையிலே சிரிக்க ஒன்றுமில்லை.

* * *

இனிக் கணக்குக்கு வா. கல்லூரிப் படிப்பை இடையிலே விட்டவன் நான். ஆயினும் கூட்டலும் கழித்தலும் கல்லூரிக்கு முன்பே கற்றவை.

அவர்கள் அச்சிட்ட தாளில் வீட்டின் அளவு 600 சதுர அடி. விலை 45 இலட்சம். ஆக, சதுர அடி 7,500 ரூபாய். அதே வளாகத்திலே 1,000 சதுர அடி வீடும் இருக்கிறது. அதன் விலை 70 இலட்சம். சதுர அடி 7,000 ரூபாய். கவனித்தாயா? பெரிய வீட்டுக்காரனைவிடச் சிறிய வீட்டுக்காரன் ஒவ்வொரு சதுர அடிக்கும் 500 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறான்!

இது அந்த ஒரு நிறுவனத்தின் குற்றமன்று. சிறு வீட்டின் இயல்பே அது. வீட்டிலே விலை மிகுந்த பகுதி எது? சமையலறை, குளியலறை, குழாய், மின்சாரக் கம்பி, கதவு, சன்னல். விலை குறைந்த பகுதி எது? வெறுந்தரை. வீட்டைச் சுருக்கும்போது குளியலறையை அகற்ற முடியுமா? குழாயைப் பாதியாக்க முடியுமா? அவை அப்படியே நிற்கும். குறைவது கூடத்தின் தரை, குழந்தை ஓடி விளையாடும் தரை, பாட்டி பாய் விரிக்கும் தரை. மலிவானதை வெட்டிவிட்டு, மலிவாக்கிவிட்டோம் என்று மார்தட்டுகிறார்கள்!

அந்த 600 சதுர அடியேனும் 600 தானா? 2016 இல் நாடாளுமன்றம் இயற்றிய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 'கார்ப்பெட் ஏரியா' எது என்று வரையறுத்திருக்கிறது. வெளிச்சுவரை நீக்கு, பால்கனியை நீக்கு, குழாய் செல்லும் இடைவெளியை நீக்கு. எஞ்சுகின்ற உட்பரப்பே அது. "அந்த அளவு என்ன?" என்று கேட்டேன். இளைஞர் தாளைப் புரட்டி, சின்ன எழுத்தைத் தேடி, "420" என்றார். மிச்சம் 180 எங்கே? படிக்கட்டிலே, மின்தூக்கியிலே, சுவரிலே, நடைவழியிலே! காலால் மிதிக்கக்கூடிய அடியைக் கொண்டு கணக்கிட்டால் சதுர அடி 10,700 ரூபாய்க்கு மேல் வருகிறது. அதற்கும் மேலே வண்டி நிறுத்தும் இடத்துக்கு ஒரு தொகை, மின் இணைப்புக்கு ஒரு தொகை, பராமரிப்பு வைப்பு ஒரு தொகை, பத்திரச் செலவு, வரி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

வங்கி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 இலட்சத்துக்கு மேற்பட்டு 75 இலட்சம் வரையுள்ள வீட்டுக் கடனில், வீட்டு மதிப்பில் நூற்றுக்கு 80 தான் வங்கி தரலாம். 45 இலட்சத்தில் 36 இலட்சம் கடன். 9 இலட்சம் கையிலிருந்து. வட்டி நூற்றுக்கு எட்டரை என்றும், காலம் இருபதாண்டு என்றும் வைத்துக்கொள். மாதத் தவணை 31,242 ரூபாய். 240 மாதங்களில் கட்டுவது ஏறத்தாழ 75 இலட்சம். அதாவது வாங்கிய கடன் 36. கொடுத்த வட்டி 39! கடனைவிட வட்டி பெரிது. வீடு கச்சிதமானது, வட்டி கச்சிதமாகவில்லை.

"வாடகை கொடுக்கும் பணத்திலேயே" என்றார்களே, என் நண்பர் இன்று கொடுக்கும் வாடகை 12,000 ரூபாய். 12,000 எங்கே, 31,242 எங்கே? மாதந்தோறும் 19,242 ரூபாயை எந்த மரத்திலிருந்து பறிப்பது?

யாருக்காக இந்த வீடு என்று கேட்டுப் பார். அரசே இரண்டு அளவுகோல்களை வைத்திருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த சரக்கு சேவை வரி விதிப்படி, கட்டுமானத்தில் உள்ள வீட்டுக்கு நூற்றுக்கு 5 வரி. 'கட்டுப்படியாகும் வீடு' என்றால் நூற்றுக்கு 1. கட்டுப்படியாகும் வீடென்று பெயர் பெற, சென்னை போன்ற பெருநகரிலே உட்பரப்பு 60 சதுர மீட்டருக்குள் இருக்கவேண்டும். விலையும் 45 இலட்சத்துக்குள் இருக்கவேண்டும். அளவு சிறிதாக இருந்தால் மட்டும் போதாது, விலையும் சிறிதாக இருக்கவேண்டும் என்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது! விளம்பரக்காரருக்குத்தான் தெரியவில்லை. 60 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 645 சதுர அடி. நாம் பார்த்த வீடோ 39 சதுர மீட்டர். பரப்பு, எல்லைக்கு வெகு கீழே இறங்கிவிட்டது. விலை மட்டும் எல்லைக்கோட்டின்மேல் ஏறி அமர்ந்திருக்கிறது.

மற்றோர் அளவுகோல், 2015 இல் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தில் இருக்கிறது. அதிலே 'குறைந்த வருவாய்ப் பிரிவு' என்பது ஆண்டுக்கு 3 இலட்சத்துக்கு மேல் 6 இலட்சம் வரை. அந்தப் பிரிவின் உச்சியில் நிற்பவனுக்கு மாதம் 50,000 ரூபாய். அவன் 31,242 ரூபாயைத் தவணைக்குக் கொடுத்தால், நூற்றுக்கு 62 போயிற்று. மிஞ்சுவதிலே அரிசி, பால், பள்ளிக் கட்டணம், பேருந்து, மருந்து. உச்சியில் நிற்பவன் கதி இதுவென்றால் அடியில் நிற்பவனை நினைத்துப் பார்.

* * *

ஏன் இப்படி? கல் விலையா, கம்பி விலையா, கொத்தனார் கூலியா? எல்லாம் ஏறியிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அதே கல், அதே கம்பி, அதே கொத்தனார், செங்கற்பட்டைத் தாண்டி ஒரு சிற்றூரில் வீடு கட்டினால் அவ்வளவு ஆவதில்லையே! மாநகரிலே விலை ஏறுவது சுவரால் அன்று. சுவருக்கு அடியிலே இருக்கின்ற மண்ணால்.

ஒரு கிரவுண்டு நிலம். 2,400 சதுர அடி. 2019 ஆம் ஆண்டுக் கட்டட விதிகள், உயரமில்லாத அடுக்குமாடிக்கு நிலத்தின் இரண்டு மடங்கு தளப்பரப்புக்கு இடம் கொடுத்தன. அதற்கு முன் ஒன்றரை மடங்கு. ஆக 4,800 சதுர அடி கட்டலாம். 1,200 சதுர அடி வீடென்றால் நான்கு. 600 சதுர அடி வீடென்றால் எட்டு. நான்கு பேர் இருந்த இடத்தில் எட்டுப் பேர்; ஆகவே விலை பாதி! அவர்கள் வாதம் இது. இப்போது நிலக்காரரும் கட்டடக்காரரும் பேசுவதைத் திரைக்குப் பின்னே நின்று கேள்.

"ஐயா, உங்கள் நிலத்தில் வீடு கட்டலாமென்று வந்தேன்."

"எத்தனை வீடு?"

"எட்டு, ஐயா. சின்ன வீடுகள். சதுர அடி 7,500 க்குப் போகும்."

"நாலு பெரிய வீடு கட்டினால் 7,000 தானே போகும்?"

"ஆமாம்."

"அப்படியானால் 3 கோடியே 36 இலட்சத்துக்கு விற்கவேண்டியது 3 கோடியே 60 இலட்சத்துக்கு விற்கும். 24 இலட்சம் கூடுதல். என் நிலத்தின் விலையை அதற்கேற்பப் பார்த்துப் போடுங்கள்."

"கூடுதலாக நாலு சமையலறை, நாலு குளியலறை கட்டவேண்டுமே ஐயா!"

"அதைக் கழித்துக்கொண்டு மீதியைச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த தெருக்காரர் வெளியே காத்திருக்கிறார்."

முடிந்தது நாடகம். வீட்டைச் சுருக்கியதால் கிடைத்த ஆதாயம் வாங்குவோன் வாசலுக்கு வருமுன்பே நிலத்தின் விலையிலே கரைந்துவிட்டது! ஒரு நிலத்திலே எவ்வளவு வசூலாகும் என்பதைப் பார்த்துத்தான் நிலத்தின் விலையை நிறுக்கிறார்கள். நீ இறுக்கி இறுக்கி வாழச் சம்மதித்தால், உன் சம்மதத்துக்கும் சேர்த்து விலை வைக்கப்படும். கட்டும் பரப்பை ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டாக்கினால், அந்த அரை மடங்கையும் நிலம் விழுங்கிக்கொள்ளப் பார்க்கும். மண்ணுக்கு வாய் உண்டு, தோழா; அந்த வாய்க்குப் பூட்டு இல்லை.

இன்னொன்றையும் பார். பத்திரத்திலே 'பிரிபடாத பாகம்' என்று ஒரு வரி வரும். நான்கு வீடானால் ஒருவனுக்கு 600 சதுர அடி நிலம். எட்டு வீடானால் 300. கட்டடம் ஆண்டுக்காண்டு தேயும், நிலமே நிற்கும். 2024 இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் ஒப்பினால் பழங்கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாம். அந்த நாளிலே உன் கையில் இருக்கப்போவது நிறம் மங்கிய சுவரல்ல. அந்தப் பிரிபடாத பாகம்தான். தேய்கின்ற பொருளுக்கு நிறைய விலையும், தேயாத பொருளிலே குறைந்த பங்கும்! இதற்குப் பெயர் சொத்தா?

* * *

"முதல் வீடுதானே! இது ஏணியின் முதற்படி. ஏழாண்டு இருங்கள், விலை ஏறும், விற்றுவிட்டுப் பெரிய வீட்டுக்குப் போங்கள்" என்றார் அந்த இளைஞர். நல்ல சொல். ஆனால் உன் படி மட்டுமா ஏறும்? மேற்படியும் ஏறாதா?

இரண்டும் ஆண்டுக்கு நூற்றுக்கு 5 ஏறுவதாகவே வைத்துக்கொள். ஏழாண்டு கழித்து 45 இலட்சம் வீடு 63 இலட்சம் ஆகும். ஆகா என்று மகிழாதே! 70 இலட்சம் வீடு 98 இலட்சத்தைத் தாண்டியிருக்கும். இரண்டுக்கும் இடைவெளி இன்று 25 இலட்சம். அன்று 35 இலட்சம். நீ ஒரு படி ஏறுமுன் ஏணி ஒன்றரைப் படி நீண்டுவிட்டது.

கடனேனும் குறைந்திருக்கிறதா? ஏழாண்டில் 84 தவணை. கட்டியது 26 இலட்சத்து 24 ஆயிரம். கடன் பாக்கி எவ்வளவு? 29 இலட்சத்து 44 ஆயிரம்! கட்டியதில் கடனைக் கரைத்தது ஆறரை இலட்சம்தான், ஏனையது வட்டி. இருக்கிற கடனை அடைத்து, மீண்டும் தரகு கொடுத்து, மீண்டும் பத்திரச் செலவு கொடுத்து, இன்னும் பெரிய கடனிலே இறங்கவேண்டும். அதற்குள் குழந்தை பிறந்திருக்கும், முதியவர் தளர்ந்திருப்பார். முதற்படியென்று கால் வைத்தவர் பலருக்கு அதுவே முற்றும் படியாகிவிடும்.

* * *

வெளிநாட்டைப் பார் என்பார்கள். பார்ப்போமே!

ஹாங்காங்கிலே 200 சதுர அடிக்கும் குறைந்த வீடுகளைக் கட்டி விற்றார்கள். 'நானோ வீடு' என்று பெயர். சுருக்குவதாலே விலை இறங்குமென்றால், உலகத்திலேயே மலிவான நகரமாக அது ஆகியிருக்கவேண்டும். ஆனதோ நேர்மாறு. வருவாயோடு ஒப்பிட்டால் வீட்டு விலை மிகுந்த நகரங்களின் பட்டியலிலே ஆண்டுகள் பலவாக அதற்கே முதலிடம். கடைசியில் 2022 இல் அந்த அரசே விதி செய்யவேண்டியதாயிற்று: அரசு விற்கும் நிலத்திலே எழும் வீடு 26 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ 280 சதுர அடிக்கு, குறையக்கூடாது! சுருக்குவதற்கு எல்லை கட்டிய ஊர் அது.

சிங்கப்பூரைப் பார். நம் மொழி ஆட்சிமொழிகளில் ஒன்றாக அமர்ந்திருக்கும் நாடு. 1960 இல் அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. குடியிருக்க இடமின்றித் தவித்தவர்களுக்காக முதலிலே அங்கும் ஓரறை வீடுகள் எழுந்தன. ஆனால் அதையே வழியென்று நின்றுவிடவில்லை. 1964 இல் வீட்டு உரிமைத் திட்டம். 1966 இல் நில எடுப்புச் சட்டம். 1968 இல் சேமநிதிப் பணத்தைக்கொண்டே வீடு வாங்க வழி. நிலத்தை அரசு தன் கைக்குக் கொண்டுவந்தது. பிறகு மூவறை, நாலறை, ஐயறை வீடுகளைக் கட்டி, 99 ஆண்டுக் குத்தகையிலே மக்களுக்கு விற்றது. இன்று அந்நாட்டுக் குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் நால்வரில் மூவருக்கு மேல் அந்த வீடுகளிலே வாழ்கிறார்கள். தனியார் சின்னஞ்சிறு வீடுகளாகவே கட்டிக் குவிக்கத் தொடங்கியபோது, 2012 இல் நகர மையத்துக்கு வெளியே அதற்கும் வரம்பு கட்டினார்கள். 2018 இல் அந்த வரம்பை இறுக்கினார்கள். அங்கே குறையே இல்லையென்று கூறவில்லை. நிலம் கொடுத்தோர் இழப்பீடு குறைவென்று குமைந்ததுண்டு. மறுவிற்பனை விலை ஏறிவிட்டதென்று இன்று முறையிடுவோரும் உண்டு. ஆயினும் பாடம் தெளிவு. ஹாங்காங், அறையை அளந்தது. சிங்கப்பூர், நிலத்தை அளந்தது.

* * *

"சிறு வீடே கூடாதென்கிறாயா?" என்று நீ கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்வி. தனியே தங்கிப் பணிபுரியும் பெண்ணுக்குச் சிறு வீடு போதும். பிள்ளைகள் பறந்துபோன முதிய இணைக்குச் சிறு வீடே வசதி. அவர்கள் விரும்பிக் கேட்கும் சிறு வீட்டை யார் தடுப்பார்? வீடுகளின் எண்ணிக்கை பெருகினால், பெருகியவற்றிலே குடியிருக்க மக்களும் வந்தால், வாடகையின் வேகமும் தணியும். அதையும் ஒப்புகிறேன். நான் எதிர்ப்பது சிறு வீட்டை அன்று. சிறு வீட்டைக் காட்டி, "உன் பிரச்சினை தீர்ந்தது, போ" என்று சொல்லும் பெரும் பொய்யை.

அந்தப் பொய் ஆட்சியாளர்க்கு வசதி. நிலத்தைத் தொடவேண்டாம், நிலக்காரரைப் பகைக்கவேண்டாம், விதியிலே ஒரு வரியைத் திருத்தினால் போதும். செருப்பு கடிக்கிறதென்றால் செருப்பை மாற்றவேண்டும். இவர்களோ காலை வெட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். வெட்டுவதற்குக் கடனும் தருகிறார்கள்!

மாற்று வழி நமக்குத் தெரியாததா? 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தால் எழுந்த வீட்டுவசதி வாரியம், இந்தச் சென்னையிலே அண்ணா நகரையும், அசோக் நகரையும், கலைஞர் கருணாநிதி நகரையும் மனை பிரித்து, சாலை போட்டு, பூங்கா விட்டு உருவாக்கவில்லையா? நடுத்தரக் குடும்பங்கள் அங்கே வேரூன்றவில்லையா? அன்று நிலம் பொதுவின் கையிலே இருந்தது. 1978 இல் தமிழ்நாட்டுக்கென நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் ஒன்றும் வந்தது. 1999 இல் அது நீக்கப்பட்டது. நீக்கியபின் அந்த இடத்திலே எதை நட்டோம்? வெற்றிடத்தை நட்டோம், அதிலே விளம்பரப் பலகை முளைத்தது.

ஆகவே கேட்கவேண்டியவற்றைக் கேட்போம். நகருக்குள்ளே அரசின் கையிலும், வாரியங்களின் கையிலும் இருக்கின்ற நிலத்தை அதிக விலை கேட்பவனுக்கு ஏலம் விடாதே. நீண்ட குத்தகையிலே, உழைப்பவன் குடும்பத்துக்குப் போதிய வீடுகளாக்கிக் கொடு. மெட்ரோ ரயில் வந்ததாலும், சாலை அகன்றதாலும் ஏறிய நில மதிப்பிலே மக்களுக்குப் பங்கு வாங்கு. அது மக்கள் பணத்தாலே ஏறிய மதிப்பு. கட்டும் பரப்பைக் கூட்டிக் கொடுக்கும்போது, கூட்டியதில் ஒரு பகுதியைக் கட்டுப்படியாகும் விலைக்குத் தரவேண்டுமென்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடு. விளம்பரத்தில் முதல் வரியிலே, பெரிய எழுத்திலே, மிதிக்கும் பரப்பையும் முழு விலையையும் போடச் சொல். வாடகையில் வாழ்பவனைப் பதினோரு மாதத்துக்கொருமுறை பதறவைக்காதே. பாதுகாப்பான வாடகை வீடும் மானமுள்ள வீடே. ஏழையை மட்டும் கண்ணகி நகருக்கும், செம்மஞ்சேரிக்கும், பெரும்பாக்கத்துக்கும் அனுப்பி, வீட்டைக் கொடுத்து வேலையைப் பறிக்காதே.

இவை பேராசையா? வானத்து நிலவையா கேட்கிறோம்? காலை நீட்டிப் படுக்க இடம் கேட்கிறோம்.

* * *

அன்று மாலை, "இன்றே ஒரு இலட்சம் கட்டினால் இந்த விலை, நாளை இல்லை" என்றார் அந்த இளைஞர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவரும் எங்கோ ஒரு வாடகை அறையிலே தங்கி, மாத இலக்கைத் துரத்துபவராக இருக்கக்கூடும். நண்பர் தம் தாயைப் பார்த்தார். அம்மா தம் கையைப் பார்த்தார். இரண்டு வளையல்கள். ஒன்பது இலட்சத்திலே அவையும் சேர்த்தே எண்ணப்பட்டிருந்தன என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"வேண்டுமானால் கழற்றிக் கொடுத்துவிடுகிறேன் ஐயா. நீ நன்றாக இருந்தால் போதும்" என்றார் மகனிடம்.

பணம் கட்டாமல் திரும்பினோம். பேருந்திலே நெடுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு நண்பர் கேட்டார்: "எல்லாம் சரி. அப்படியானால் எனக்கு வீடு எப்போது?" நாலு பேரிடம் பேசத் தெரிந்தவன் என்றுதானே என்னை அழைத்துச் சென்றார்? எனக்கு நா எழவில்லை. அவருக்குச் சொல்லவேண்டிய பதிலைத்தான் இன்று உனக்கு எழுதுகிறேன், தோழா. நிலத்தைப் பற்றிக் கேட்க நாம் அஞ்சும்வரையில், அவருக்கும் வீடில்லை, உனக்கும் வீடில்லை. கேட்கத் துணிந்த நாளிலே வழி பிறக்கும்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும்; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த எலி வளைக்காக ஒரு தாயின் கை வளை கழலவேண்டும் என்றால், வளை விற்பவனை மட்டுமல்ல, அதற்கு வழி விட்டவனையும் வழிமறித்துக் கேள்!